முற்றம் வரை வராத வண்டி

உதியன்குளங்கரையை நம் வாசகர்களில் பலர் பேருந்தின் ஜன்னல் வழியாக மட்டுமே கண்டிருப்பார்கள். திருவனந்தபுரத்திலிருந்து களியக்காவிளைக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரையையும் அமரவிளை பாலத்தையும் கடந்தபின், பாறசாலைக்கு முன்னே வருகிற சிற்றூர் அது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தென் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நிலத்தின்மேல் விழுந்ததேயன்றி வீடுகளுக்குள் விழவில்லை. அடுக்களையில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசுகிற குடும்பங்கள் இன்றும் இங்கு உண்டு. ஆனால் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் வேலையின் நிமித்தம் பெங்களூர், சென்னை, மும்பை, வளைகுடா நாடுகள் என்று சிதறியிருக்கிறார்கள். வீடுகளில் பெரும்பாலும் முதியவர்களே மிஞ்சியிருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஒரு வீட்டில் தனித்து வாழ்கிறார் எனக்கு நன்கு அறிமுகமான ஒரு தாயார். வயது அறுபத்தெட்டு. கணவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகன் பெங்களூரில் மென்பொருள் துறையில் பணிபுரிகிறான். பன்னிரண்டு சென்ட் நிலம், ஒரு கிணறு, நான்கு தென்னை, வாசலருகே ஒரு பலாமரம், பின்புறம் கொஞ்சம் மரச்சீனி. இவையே அவருடைய உலகம்.

ஒரு நாள் மகன் தொலைபேசியில் அழைத்து, "அம்மா, நானும் மூன்று நண்பர்களும் ஒரு கேம்பர் வேனில் ஊர் ஊராகச் சுற்றப் போகிறோம். லீவு எடுக்கவில்லை. வண்டியில் இருந்துகொண்டே வேலை செய்வோம். வழியில் நம்ம வீட்டுக்கும் வருகிறோம்" என்று சொன்னான். அந்தத் தாயார் சரியாகக் கேட்டது கடைசி வாக்கியத்தை மட்டுமே. மறுநாளே அவனுடைய அறையைத் தூத்து, மெத்தையை வெயிலில் போட்டு, மீன்காரரிடம் சொல்லிவைத்து ஆயத்தமானார்.

வியாழக்கிழமை மாலையில் வண்டி வந்தது. பெங்களூரிலிருந்து சேலம், மதுரை, நாகர்கோவில் வழியாகச் சுமார் 700 கிலோமீட்டர் ஓடிவந்த வேன். பயணிகள் இருக்கைகளை எடுத்துவிட்டு, உள்ளே இரண்டு படுக்கைகளும் ஒரு மேசையும் சிறிய அடுப்பும் பொருத்தியிருந்தார்கள். ஆனால் வாசலுக்கு நேரே தாழ்ந்து நின்ற பலாமரக் கிளை வேனின் கூரையில் இடித்தது. ஆகவே வண்டி முற்றத்துக்குள் நுழையாமல் மதிலுக்கு வெளியே சாலையோரத்தில் நின்றுவிட்டது.

இரவு உணவு முடிந்தது. மகன் எழுந்து, "அம்மா, நாங்கள் வண்டியிலேயே படுத்துக்கொள்கிறோம். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மீட்டிங் இருக்கிறது. உனக்கு எதற்குத் தொந்தரவு?" என்றான்.

"எதுக்கு மக்களே ரோட்டில கிடக்கணும்? உனக்க முறியைத் தூத்துப் போட்டிருக்கேனே" என்றார் தாயார்.

"காலையில் பார்க்கலாம் அம்மா" என்று சொல்லி அவன் போய்விட்டான். அந்த இரவில் நடந்ததைப் பின்னால் எழுதுகிறேன். அதற்குமுன், நம் பிள்ளைகளில் பலர் இந்நாட்களில் ஆசைப்படுகிற இந்தப் பயணம் எப்படிப்பட்டது என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே அறிந்துகொள்வது நல்லது.

அலுவலகம் எப்படிச் சக்கரத்தில் ஏறியது?

2020ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, இலட்சக்கணக்கான ஊழியர்கள் ஒரே வாரத்தில் மடிக்கணினியோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை, அழைப்பு மையங்கள் போன்ற நிறுவனங்களுக்கு இருந்த பதிவுக் கட்டுப்பாடுகளை வெகுவாகத் தளர்த்தி, ஊழியர் எங்கிருந்தும் பணிபுரிவதற்கு வழியைத் திறந்தது. வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலையை மலையடிவாரத்திலிருந்தோ கடற்கரையிலிருந்தோ ஏன் செய்யக்கூடாது என்ற கேள்வி இளைஞர் உள்ளத்தில் அப்போது எழுந்தது.

பின்வந்த ஆண்டுகளில் பல நிறுவனங்கள் ஊழியரை மீண்டும் அலுவலகத்துக்கு அழைத்துக்கொண்டன. சில, வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் வரச் சொல்லுகின்றன. வேறு சில, ஆண்டில் சில வாரங்கள் எங்கிருந்தும் பணிபுரிய அனுமதிக்கின்றன. நம் தாயாரின் மகனுக்குக் கிடைத்தது இந்தக் கடைசி வகை: ஆண்டுக்கு நான்கு வாரங்கள்.

கேரள அரசும் இந்த ஆசையைக் கவனித்தது. 2021ஆம் ஆண்டு செப்டம்பரில் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன் படகுவீடுகள் காயல் சுற்றுலாவை வளர்த்ததுபோல, படுக்கையும் சமையலறையும் கழிவறையும் கொண்ட வண்டிகள் சுற்றுலாவை உட்கிராமங்களுக்குக் கொண்டுசெல்லும் என்பது அதன் எதிர்பார்ப்பு. வண்டிகள் இரவில் நிற்பதற்கென்று மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் அகற்றும் வசதி ஆகியவற்றோடு கேரவன் பூங்காக்கள் அமைக்கவும் திட்டமிடப்பட்டது. ஒரு பூங்காவுக்குக் குறைந்தது ஐம்பது சென்ட் நிலம் வேண்டும் என்றார்கள். முதல் பூங்கா 2022 பிப்ரவரியில் இடுக்கி மாவட்டம் வாகமண்ணில் திறக்கப்பட்டது. இந்த நான்கு நண்பர்களும் உதியன்குளங்கரையில் ஓர் இரவு தங்கிவிட்டு, வர்க்கலை கடற்கரையையும் வாகமண்ணையும் நோக்கிப் போகவே புறப்பட்டிருந்தார்கள்.

மின்சாரத்தின் கணக்கு

வண்டியில் தங்கி வேலை செய்வது புகைப்படத்தில் காண்பதுபோல எளிதன்று. முதல் தேவை மின்சாரம். இதன் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தாலே பல ஆபத்துகளுக்குத் தப்பலாம்.

ஒரு மடிக்கணினி சராசரியாக 50 வாட் மின்சாரம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேருக்கு 200 வாட். எட்டு மணி நேரத்துக்கு 1,600 வாட்-மணி, அதாவது ஒன்றரை யூனிட்டுக்குச் சற்று அதிகம். வேனுக்குள் கூடுதலாக வைக்கப்படும் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் இருப்பது 1,200 வாட்-மணி. அது பழைய ஈய-அமில வகையாயிருந்தால், பழுதாகாமல் நீடிக்க அதில் பாதியை மட்டுமே எடுக்கவேண்டும். அப்படியானால் நான்கு பேரும் மூன்று மணி நேரம் வேலை செய்வதற்குள் பேட்டரி ஓய்ந்துவிடும். லித்தியம் வகையானால் பெரும்பகுதியை எடுக்கலாம், விலையோ அதிகம்.

இதோடு குளிர்சாதனத்தையும் சேர்த்தால் கணக்கு முற்றிலும் மாறுகிறது. அறையைக் குளிர்விக்கும் சிறிய ஏசி கருவியே ஏறத்தாழ 1,000 வாட் கேட்கும். முழு பேட்டரியும் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துபோகும். கூரையில் சூரியத்தகடு வைத்தாலும் இரவுக்கு அது போதாது. ஆகவே பலர் பெட்ரோலில் ஓடும் சிறு ஜெனரேட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்து வண்டியின் பின்புறத்தில் வைத்துக்கொள்கிறார்கள். இந்த நண்பர்களும் அதையே செய்திருந்தார்கள்.

இரண்டாவது தேவை இணையம். ஒரு மணி நேரக் காணொளிக் கூட்டத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி செலவாகக்கூடும். ஓடும் வண்டியில் கைப்பேசி ஒரு கோபுரத்திலிருந்து மறு கோபுரத்துக்கு மாறும்போது பேச்சு அறுந்துபோகிறது. மலைப்பாதைகளில் சில இடங்களில் சமிக்ஞையே இராது. அனுபவமுள்ளவர்கள் இரு வேறு நிறுவனங்களின் சிம் அட்டைகளை வைத்திருப்பார்கள். வேலை நாளில் வண்டியை ஓட்டமாட்டார்கள். ஓரிடத்தில் குறைந்தது மூன்று நாள் தங்கி, விடுமுறை நாளில் மட்டும் அடுத்த ஊருக்குப் போவார்கள்.

மூன்றாவது, நேரம். நியூயார்க்கில் காலை 9 மணி ஆகும்போது இங்கே குளிர்காலத்தில் இரவு 7.30, கோடையில் மாலை 6.30. அமெரிக்க நிறுவனத்துக்கு வேலை செய்கிறவன் பின்னிரவு வரை விழித்திருந்து, காலையில் நண்பர்களின் அவசரத்துக்காக ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தால், நெடுஞ்சாலையில் கண் அயர்வதற்கு ஒரு நொடி போதும். இரவில் வேலை செய்தவன் மறுநாள் பிற்பகல் வரை வண்டி ஓட்டலாகாது. நண்பர்கள் புறப்படுமுன்பே இதை ஒரு சட்டமாக வைத்துக்கொள்ளவேண்டும்.

நள்ளிரவில் கதவைத் தட்டிய கை

இனி அந்த இரவுக்கு வருகிறேன். காற்றே இல்லாத புழுக்கம். சாலையோரத்தில் நின்றதால் கொசுவுக்குப் பயந்து ஜன்னல்களை அடைத்துக்கொண்டார்கள். பேட்டரி பத்து மணிக்கே ஓய்ந்தது. ஜெனரேட்டரை வேனின் பின்கதவருகே, மதிலுக்கும் வண்டிக்கும் இடையே இருந்த குறுகிய இடத்தில் இறக்கிவைத்து இயக்கினார்கள். இரண்டு பேர் உறங்க, மகனும் இன்னொருவனும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கூட்டத்தில் இருந்தார்கள்.

அந்தத் தாயாருக்கு உறக்கம் வரவில்லை. ஜெனரேட்டரின் சத்தம் ஒருபுறம். மகன் வந்தும் வராததுபோல இருந்த மனவருத்தம் மறுபுறம். அடுத்த வீட்டில் கைக்குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. ஒரு மணி இருக்கும். டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்து வேனின் கதவைத் தட்டினார்.

கதவைத் திறக்கச் சற்று நேரம் ஆயிற்று. திறந்த மகன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "என்ன மக்களே, கண்ணெல்லாம் ஒருமாதிரி இருக்கு?" என்று கேட்டார். அரைமணி நேரமாகத் தலைவலி, குமட்டல் என்றான். வேலைக்களைப்பு என்று நினைத்திருக்கிறான். உள்ளே உறங்கியவர்களை எழுப்பினால் ஒருவன் எளிதில் எழவில்லை. தாயார் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. "எல்லாரும் இறங்குங்க. அந்த மெஷினை நிறுத்துங்க" என்றார். நால்வரையும் வீட்டுக்குள் கொண்டுபோய், ஜன்னல்களைத் திறந்து, கூடத்தில் பாய் விரித்துப் படுக்கவைத்தார். விடியும்வரை தாமும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். காலையில் நால்வரையும் மருத்துவரிடம் அனுப்பினார். பெரிய தீங்கு ஒன்றும் நேரவில்லை.

அது புகையினால்தான் நேர்ந்ததா என்று அன்று அளந்து சொல்ல எவரிடமும் கருவி இல்லை. ஆனால் சனிக்கிழமை நான் அந்த வீட்டுக்குப் போய் இதைக் கேட்டவுடன் என் நினைவுக்கு வந்தது வடகரையில் நடந்த துயரம்.

2024ஆம் ஆண்டு டிசம்பர் 23 அன்று, கோழிக்கோடு மாவட்டம் வடகரை அருகே கரிம்பனப்பாலத்தில், தேசிய நெடுஞ்சாலையோரத்தில் நிறுத்தப்பட்டிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். திருமணக் கூட்டத்தாரைக் கொண்டுபோய் விட்டுத் திரும்பும் வழியில் ஓய்வெடுக்க நிறுத்தியவர்கள் அவர்கள். உடலில் காயமில்லை, வண்டியில் சண்டை நடந்த அடையாளமும் இல்லை. பின்னர் கோழிக்கோடு தேசிய தொழில்நுட்பக் கழகத்தின் வல்லுநர்கள் அதே வண்டியில் ஜெனரேட்டரை இயக்கிச் சோதித்தார்கள். அதிலிருந்து வெளியேறிய கார்பன் மோனாக்சைடு வாயு வண்டிக்குள் புகுந்து, உயிரைப் போக்கும் அளவுக்குச் சேர்ந்தது என்று கண்டறிந்தார்கள்.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமாக இதைப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பின் தலைச்சுற்றல், குமட்டல், குழப்பம். விழித்திருப்பவன் வெளியே வந்து பிழைத்துக்கொள்ளக்கூடும். உறங்குகிறவன் உறக்கத்திலேயே போய்விடுவான். பெட்ரோல் ஜெனரேட்டர் மட்டுமல்ல, அடைத்த வண்டிக்குள் ஓடும் எஞ்சின், கரியடுப்பு, அணையாத எரிவாயு அடுப்பு எல்லாமே இதை உண்டாக்கலாம்.

ஆகவே வண்டியில் உறங்குகிற எவரும் ஜெனரேட்டரையோ எஞ்சினையோ இயக்கிவிட்டு உறங்கக்கூடாது. ஜெனரேட்டர் வேண்டுமானால் வண்டியிலிருந்து நன்றாக விலகி, திறந்த வெளியில், புகைக்குழாய் மறுபக்கம் பார்க்கும்படி இருக்கவேண்டும், உறங்குமுன் அணைக்கப்படவேண்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி மிகச் சிறியது, பேட்டரியில் இயங்குவது, பயணச் செலவில் அது ஒரு துளி. அது இல்லாத வண்டியில் படுக்க மறுப்பது கோழைத்தனம் ஆகாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்த வீட்டுத் திண்ணையில் ஒரு மின்இணைப்பு இருந்தது. முப்பது அடி நீளமுள்ள தரமான கம்பி ஒன்றை அங்கிருந்து வண்டிக்கு இழுத்திருந்தால், நான்கு கணினிகளும் இரண்டு மின்விசிறிகளும் விடியவிடிய ஓடியிருக்கும். ஜெனரேட்டருக்குத் தேவையே இருந்திராது. "அம்மாவைத் தொந்தரவு செய்யவேண்டாம் என்று கேட்கவில்லை பாஸ்டர்" என்றான் மகன். தாயைத் தொந்தரவு செய்யாமலிருப்பதை நம் பிள்ளைகள் அன்பு என்று எண்ணுகிறார்கள். எத்தனை தாய்மார் அந்தத் தொந்தரவுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதை அவர்கள் அறிவதில்லை.

சட்டமும் தெரிந்திருக்கட்டும்

அந்த வேனைப் பற்றி மேலும் விசாரித்தேன். நண்பனுக்குத் தெரிந்த ஒருவரிடம் வாடகைக்கு எடுத்தது. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து; அதாவது சொந்த உபயோகத்துக்கான பதிவு. அப்படிப்பட்ட வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி கூடாது. நாமே ஓட்டிச்செல்ல வாடகைக்கு விடப்படும் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இருக்கைகளைக் கழற்றிப் படுக்கைகள் பொருத்துவதும் நம் இஷ்டம்போல் செய்யத்தக்கதன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. 2021 ஆகஸ்டில், வேனையே வீடாக்கி நாடெங்கும் சுற்றி யூடியூபில் புகழ்பெற்ற கண்ணூர்ச் சகோதரர் இருவரின் வண்டியை, அனுமதியற்ற மாற்றங்களுக்காகவும் வரிக்காகவும் மோட்டார் வாகனத் துறை கைப்பற்றியது. அது கேரளமெங்கும் பெரிய செய்தியாயிற்று. கேரவனாகவே முறைப்படி பதிவுசெய்யப்பட்ட வண்டிகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. பணம் சற்று அதிகமானாலும் அதுவே நேர்வழி.

அலுவலகத்தின் சட்டமும் உண்டு. எங்கிருந்து வேலை செய்கிறோம் என்பதை மேலதிகாரி அறிந்திருக்கவேண்டும். தேநீர்க்கடையின் பொது இணையத்தில் வாடிக்கையாளரின் இரகசியங்களைத் திறப்பது நம்பிக்கைத்துரோகம். வீட்டில் இருப்பதாகச் சொல்லி, பின்னணியில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு கடற்கரையிலிருந்து பேசுகிறவன், சிறிய பொய்யிலே பழகிக்கொள்கிறான்.

வேலையைச் சுமந்து நடந்தவர்கள்

வேலையோடு ஊர் ஊராகச் செல்லுவது இக்காலத்தின் கண்டுபிடிப்பு என்று இளைஞர்கள் எண்ணலாம். நம் தென் திருவிதாங்கூரின் பனையேறிகள் தலைமுறை தலைமுறையாக அதைச் செய்தவர்கள். பதநீர்ப் பருவம் வந்தால் குடும்பத்தோடு திருநெல்வேலிச் சீமைக்குப் போய், பனங்காட்டிலே ஓலைக்குடிசை போட்டுத் தங்கி, கருப்பட்டி காய்ச்சி, பருவம் முடிந்தபின் திரும்புவார்கள். அந்தக் குடிசைக்கு விடிலி என்று பெயர். அது வீடு, அதுவே ஆலை. அவர்களுக்கு அது உல்லாசமாக இருக்கவில்லை. அடுப்பில் உலை வைக்கவேண்டிய கட்டாயமாக இருந்தது.

மேல்நாட்டிலும் இவ்விரு நிலைகளும் உண்டு. 1950இல் ஜெர்மனியில் உற்பத்தி தொடங்கிய வோக்ஸ்வாகன் வேன், படுக்கை பொருத்தப்பட்டு, பிற்காலத்தில் சுதந்திரத்தின் அடையாளமாக இளைஞரிடையே பரவிற்று. ஆனால் 2008ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்த அமெரிக்க முதியோர் பலர், வேனிலே வாழ்ந்துகொண்டு, பண்டகசாலைகளிலும் வயல்களிலும் பருவவேலை தேடி அலைந்ததை ஜெசிகா புரூடர் என்னும் பத்திரிகையாளர் 2017இல் ஒரு நூலாக எழுதினார். 'நோமேட்லேண்ட்' என்ற அந்நூலைத் தழுவிய திரைப்படம் 2021இல் ஆஸ்கார் விருது பெற்றது. ஒருவனுக்கு விளையாட்டாக இருக்கும் அதே வண்டி மற்றொருவனுக்குக் கடைசிக் கூரையாக இருக்கிறது.

வேதத்தை வாசிக்கிறவர்களுக்குப் பவுல் அப்போஸ்தலனின் நினைவு வராமலிராது. கூடாரம் பண்ணுகிற தொழிலைக் கையில் வைத்துக்கொண்டே அவர் பட்டணம் பட்டணமாகப் பிரயாணம் பண்ணினார். கொரிந்துவிலே அவர் தங்கியதோ தம்மைப்போலவே கூடாரத்தொழில் செய்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளின் வீட்டிலே. கூடாரம் பண்ணத் தெரிந்தவர் கூடாரத்தில் தனித்திராமல் ஒரு குடும்பத்தோடு தங்கினார். எங்கும் போகத்தக்க தொழில் அவரை மனிதரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. நம் பிள்ளைகளின் கையிலிருக்கும் மடிக்கணினியும் அப்படி ஒரு தொழில்தான். அது அவர்களை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதே கேள்வி.

அந்தத் தாயாரின் கேள்வி

சனிக்கிழமை மாலை நாங்கள் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, அந்தத் தாயார் மகனைப் பார்த்து மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்: "மக்களே, எங்கே இருந்தும் வேலை செய்யலாம்னு சொல்லுறியே. அந்த எங்கேயில இந்த வீடு இல்லையா?"

மகன் பதில் சொல்லவில்லை. நண்பர்களும் தலைகுனிந்தார்கள். அவர்களைக் குற்றவாளிகளாக்க நான் விரும்பவில்லை. இளம் வயதில் நாடு பார்க்க ஆசைப்படுவது தவறன்று. நண்பர்களோடு ஒரே பானையில் பொங்கி உண்டு, மலையையும் கடலையும் கண்டு வருவது நல்ல நினைவாக என்றும் நிற்கும். ஆனால் நான் அவனிடம் ஒரு கணக்கைச் சொன்னேன். "தம்பி, வருஷத்தில் எத்தனை நாள் ஊருக்கு வருகிறாய்?" என்று கேட்டேன். கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள், வேறு ஏதாவது காரியத்துக்கு மூன்று நாள் என்றான். "அம்மாவுக்கு இன்னும் பத்து ஆண்டு ஆயுசு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நீங்கள் சேர்ந்திருக்கப்போவது எண்பது நாள். மூன்று மாதம்கூட இல்லை. உனக்கு ஆண்டுக்கு நான்கு வாரம் எங்கிருந்தும் வேலை செய்ய அனுமதி இருக்கிறதே. அதில் இரண்டு வாரம் இந்த வீட்டுக்கு என்று வைத்தால் அந்த எண்பது நாள் இருநூற்று இருபது நாளாகும்."

அவன் தன் கைப்பேசியை எடுத்து அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தான். கணக்கு சரியாகவே இருந்தது.

நகரங்களில் வாழும் அன்பு வாசகரே, உங்களில் பலருக்கும் இப்படி ஒரு வாசல் திறந்திருக்கக்கூடும். முழுவிடுப்பு எடுக்காமலே ஊரில் தங்கலாம். அதற்குச் சில ஏற்பாடுகள் மட்டுமே வேண்டும்.

வீட்டில் நல்ல இணைய இணைப்பு ஒன்றைப் போடுங்கள். மின்தடை நேரத்துக்கு ஒரு சிறு இன்வெர்ட்டர் வையுங்கள். நீங்கள் இல்லாத நாட்களிலும் அது பெற்றோருக்கு உதவும். ஒரு மேசையும் முதுகு சாயும் நாற்காலியும் அந்த அறையில் நிரந்தரமாக இருக்கட்டும். எந்த நேரம் வேலை, எந்த நேரம் வீடு என்பதைத் தாய் தகப்பனிடம் முன்னரே சொல்லிவிடுங்கள். மூடிய கதவுக்குப் பின்னால் நீங்கள் பேசுவது வேலை என்று அவர்களுக்குத் தெரிந்தால் வருந்தமாட்டார்கள். வேலை முடிந்ததும் கணினியை மூடுங்கள். எங்கும் வேலை செய்யலாம் என்பது எப்போதும் வேலை செய்யவேண்டும் என்று ஆகிவிடக்கூடாது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்ற பழைய ஒழுங்கு, அலுவலகம் சட்டைப்பைக்குள் வந்துவிட்ட இந்நாட்களில் முன்னிலும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

நண்பர்களோடு வண்டியில் போகிறவர்களும், வழியில் ஒவ்வொருவர் வீட்டு முற்றத்தையும் ஒரு தங்குமிடமாக்கிக்கொள்ளலாமே. முற்றத்தில் கிணற்றுநீர் உண்டு, மின்சாரம் உண்டு, கழிவறை உண்டு, இரவில் கதவைத் தட்டிப் பார்க்க ஓர் ஆள் உண்டு. ஐம்பது சென்ட் இல்லாவிட்டால் என்ன?

கிளை

அந்த நண்பர்கள் ஜெனரேட்டரை உடனே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வர்க்கலைக்குப் போகும் எண்ணத்தை விட்டு, அடுத்த புதன்கிழமை வரை உதியன்குளங்கரையிலேயே தங்கினார்கள். இரண்டு பேர் கூடத்திலும், ஒருவன் திண்ணையிலும், மகன் தன் அறையிலுமாக வேலை செய்தார்கள். மாலையில் நெய்யாற்றங்கரையில் நடந்துவிட்டு வந்தார்கள். மரச்சீனியும் மீன்குழம்பும் நால்வருக்கும் பழகிப்போயின. அவர்களில் வடநாட்டு இளைஞன் ஒருவன் அந்தத் தாயாரை "அம்மா" என்று அழைக்கக் கற்றுக்கொண்டான்; அவருக்கும் அவனுக்கும் பொதுவாக இருந்த மொழி அந்த ஒரு சொல் மட்டுமே.

மகன் அடுத்தமுறை வேனில் வருவானா, ரயிலில் வருவானா, சொன்னபடி இரண்டு வாரம் தங்குவானா, நான் அறியேன். பெங்களூரிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் நாள்தோறும் இவ்வழியாகத்தான் ஓடுகிறது. வாக்குக் கொடுப்பது எளிது. விடுப்புப் பட்டியலில் அதை எழுதி வைப்பதுதான் கடினம்.

சென்ற வாரம் அவ்வழியாகப் போனபோது வாசலில் ஏதோ மாற்றம் தெரிந்தது. நின்று பார்த்தேன். வேனின் கூரையில் இடித்த பலாமரக் கிளை வெட்டப்பட்டிருந்தது. ஆண்டுதோறும் நன்றாகக் காய்க்கும் கிளை அது. "ஏன் அம்மா வெட்டினீர்கள்?" என்று கேட்டேன்.

"அடுத்த தடவை வண்டி முற்றத்துக்கு உள்ளே வரட்டும் பாஸ்டரே" என்றார்.